திரும்பி வரவும் அதே பாலம்தான்

கனடாவில் வான்கூவருக்கு வடக்கே இருக்கும் கப்பிலானோ தொங்குபாலத்துக்குப் போய்வந்தவர்கள் போட்டோ காட்டுவார்கள், டிக்கெட் விலையைச் சொல்லிப் புலம்புவார்கள். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார்கள். அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தால் பாதிதான் முடிந்திருக்கிறது. அந்தப் பக்கம் பஸ் நிற்காது, கார் நிறுத்த இடம் கிடையாது, வெளியே போக வேறு கேட்டும் கிடையாது. போன பாலத்திலேயே திரும்பி வர வேண்டும். உயரம் என்றால் உள்ளங்கால் கூசுகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் இதுதான். நுழைவாயிலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். வைத்தால் வியாபாரம் என்ன ஆவது!

என் பயம் எந்த ரகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது மார்த்தாண்டம் பக்கம். அங்கே யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போவது வழக்கம். 1966-இல் கட்டியது, 115 அடி உயரம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். தண்ணீர் ஓடுகிற தொட்டிக்குப் பக்கத்திலேயே ஆள் நடக்க வழி இருக்கும். வீட்டில் எல்லோரும் மேலே நடப்பார்கள். நான் படியிறங்கிப் பறளியாற்றில் காலை நனைத்துக்கொண்டு தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிற ஆள். அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றும் என்பது வேறு விஷயம். அம்மாவோ என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அதில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தவள். அந்த வயதிலேயே நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேனாம். இன்றைக்கும் யார் வந்தாலும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டாள்.

அந்த அம்மாதான் ஊரிலிருந்து எங்களோடு சில மாதம் இருக்க வந்திருந்தாள். கப்பிலானோ போக வேண்டும் என்பது என் மகளுடைய ஆசை. 'ஆச்சி வந்தா போலாம்னு சொன்னீங்கல்ல' என்று அவள் பிடித்துக்கொண்டாள். ஆச்சி வருவதற்குள் பிள்ளை மறந்துவிடுவாள் என்று நம்பித்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். மனைவி எனக்குக் காருக்குள்ளேயே காத்திருக்கும் சலுகையைக் கொடுத்தாள். அம்மா விடவில்லை. 'பாலந்தானே மக்களே, வா.'

பயந்தவன் செய்கிற முதல் வேலை படிப்பது. நானும் படித்தேன். முதல் பாலம் 1889-இல் வந்தது. வான்கூவர் நகரமாகி அப்போது மூன்றே வருடம். ஜார்ஜ் கிராண்ட் மெக்கே என்ற ஸ்காட்லாந்து எஞ்சினியர் கப்பிலானோ ஆற்றின் இரு கரையிலும் 6000 ஏக்கர் காட்டை வாங்கி, பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே ஒரு மர வீடும் கட்டிக்கொண்டார். பாலம் போட்டது எதிர்க்கரையில் இருந்த தன்னுடைய காட்டுக்குப் போய்வர. சணல் கயிறு, சீடர் மரப் பலகை, அவ்வளவுதான் பாலம். காற்றடித்தால் அது எழுப்பிய சத்தத்தைக் கேட்டு அந்த மண்ணின் ஸ்குவாமிஷ் மக்கள் அதைச் சிரிக்கும் பாலம் என்றார்களாம். மெக்கேயின் நண்பர்கள் நீராவிக் கப்பலில் வந்து இறங்கி, காட்டுக்குள் நெடுந்தூரம் நடந்து, அதைப் பார்க்கவென்றே வந்திருக்கிறார்கள். எந்தக் காலத்திலும் இப்படிச் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இப்போது இருப்பது அந்தக் கயிற்றுப் பாலம் இல்லை என்பது எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல். 1903-இல் கயிறு போய் இரும்புக் கம்பிக் கேபிள் வந்தது. 1956-இல் அன்றைய உரிமையாளர் பாலத்தையே புதிதாகக் கட்டினார். அதுவும் ஐந்தே நாளில். ஐந்து நாள் என்று படித்ததும் வந்த ஆறுதலில் பாதி போய்விட்டது. எங்கள் வீட்டுப் பின்பக்க வேலியைச் சரிசெய்யவே அதைவிட அதிக நாள் ஆனது. ஆனால் கேபிள்களின் முனைகள் கரைக்குக் கரை 13 டன் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கின்றன. 2006 குளிர்காலப் பனிப்புயலில் 46 டன் எடையுள்ள ஒரு டக்ளஸ் ஃபிர் மரம் மேற்குக் கோடியில் சாய்ந்து பாலத்தின்மீதே விழுந்தது. முந்நூறு வயது மரம். பாலம் அறுந்து போகவில்லை. 46 டன்னைத் தாங்கியது என் 82 கிலோவைத் தாங்காதா என்று எனக்கு நானே பல முறை கேட்டுக்கொண்டேன். மூளை ஒப்புக்கொண்டது. முழங்கால் அந்தப் பேச்சுக்கே வரவில்லை.

போன நாளில் லேசான தூறல். வட வான்கூவரில் தூறல் இல்லாத நாளைத்தான் தனியாகச் சொல்ல வேண்டும். நகர மையத்தில் கனடா பிளேஸிலிருந்து இலவச ஷட்டில் பஸ் வருகிறது என்பதால் காரை எடுக்கவில்லை. காருக்குள் காத்திருக்கும் சலுகையும் அதோடு போயிற்று. உள்ளே நுழைந்ததும் தோட்டெம் கம்பங்கள், அதாவது பழங்குடி மக்கள் உருவங்கள் செதுக்கி வண்ணம் தீட்டிய மரத்தூண்கள், நிற்கின்றன. 1930-களில் இந்த இடத்தை வாங்கியவர் அப்பகுதிப் பழங்குடி மக்களை அழைத்து நிறுத்தச் சொன்னவை. அவற்றை நான் ரொம்ப நேரம் ரசித்தேன். எவ்வளவு நேரம் என்றால், மனைவி வந்து 'என்னங்க, இதைத் திரும்பி வரும்போதும் பாக்கலாம்' என்று சொல்லும் அளவுக்கு.

பாலம் 140 மீட்டர் நீளம். ஆறு 70 மீட்டர் கீழே. ஊர்க் கணக்கில் 230 அடி, அதாவது இரண்டு மாத்தூர் தொட்டிப்பாலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். இந்தக் கணக்கை வரிசையில் நிற்கும்போது அம்மாதான் போட்டாள். பெருமையாகப் போட்டாள்.

கால் வைத்ததும் தெரிகிற விஷயம், பாலம் நேராக இல்லை. இரண்டு கரையிலும் இழுத்துக் கட்டிய கேபிள் நடுவில் தொய்ந்து கிடக்கிறது. ஆகவே முதல் பாதி இறக்கம், மறுபாதி ஏற்றம். பலகைகள் மழையில் நனைந்து கறுத்திருந்தன. கேபிள்தான் கைப்பிடி. அதற்கும் பலகைக்கும் நடுவே வலை அடித்திருக்கிறார்கள். விழ வழியே இல்லை. ஆனால் கைப்பிடியைப் பற்றினால் கைப்பிடியும் ஆடுகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பிடித்துக்கொள்வதற்கென்று இருக்கும் பொருள் பிடித்த கையோடு சேர்ந்து நகர்ந்தால் மனிதன் வேறு எதைத்தான் பிடிப்பான்? போதாக்குறைக்கு இது இருவழிப் பாதை. எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். எதிரே ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது. முப்பது பிள்ளைகள் ஆளுக்கொரு தாளத்தில் நடந்தால் பாலம் மேலும் கீழும் ஆடாது. பக்கவாட்டில் நெளியும். நெளிவு நம்மிடம் வந்து, நம்மைத் தாண்டிப் போய், கரையில் மோதித் திரும்பவும் வரும்.

வயிற்றில் புளியைக் கரைத்தது. நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பொறுமையான ஊர், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது கோபத்தில் நடந்திருப்பேன்.

உயரத்தில் தலை ஏன் சுற்றுகிறது என்பதற்கு நான் படித்ததிலேயே உருப்படியான விளக்கம் ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்ட் குழுவினர் 1980-இல் எழுதியது. நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடம்பு லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த ஆட்டத்தைக் கவனித்துத் திருத்துவதில் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்தில் ஒரு சுவரோ தூணோ இருந்தால், உடம்பு ஒரு விரற்கடை சாய்ந்தாலும் அந்தச் சுவர் நகர்வதைக் கண் பிடித்துவிடும். மூளை உடனே காலுக்குச் சொல்லும். ஆனால் கண்ணுக்கு எட்டிய அடுத்த பொருள் 70 மீட்டர் தள்ளி ஓடும் ஆறு என்றால், அதே சாய்வில் ஆறு நகர்வது கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாகிவிடுகிறது. திருத்தச் சொல்ல ஆள் இல்லாமல் உடம்பு இன்னும் ஆடுகிறது. அந்தக் கலக்கம்தான் தலைசுற்றல். இது எல்லா மனிதருக்கும் உண்டாம். என்னைப் போன்றவர்களுக்கு அதன்மேல் பயமும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஓர் எண்ணம். நான் பயப்படுவது உயரத்துக்கு அல்ல, பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் போவதற்கு. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. முழங்கைக்கு அருகே ஜன்னல் சட்டம் இருக்கிறது. நண்பன் வீட்டு மூன்றாம் மாடி பால்கனியில் நிற்க முடியவில்லை. தொங்குபாலத்தில் நிலைமை இன்னும் மோசம். பக்கத்தில் இருக்கும் ஒரே பொருளான பாலமும் ஆடுகிறது. கண் யாரைத்தான் நம்பும்?

சரி, அதற்கு அங்கே என்ன செய்தேன் என்றால், அம்மாவின் முதுகைப் பார்த்தேன். அரக்கு நிறப் புடவை, அதன்மேல் என் மனைவியின் பெரிய மழைக்கோட்டு, அதன் முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு பட்டை. அந்தப் பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையில் கேபிள், மறுகையில் மனைவியின் கை. அம்மா பாலத்தோடு சேர்ந்து ஆடிக்கொண்டே, எதையும் பிடிக்காமல், வாய்க்கால் வரப்பில் நடக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தாள். நடுவில் நின்று ஆற்றை எட்டிப் பார்த்து 'தண்ணி என்ன பச்சையா கிடக்கு, பாரு' என்றாள். பார்க்கவில்லை. பச்சை என்று நம்பிக்கொண்டேன்.

மனைவியின் கையைப் பிடித்தேன் என்றேன் அல்லவா, அதற்கு இந்தப் பாலத்தில் ஒரு வரலாறே இருக்கிறது. 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். பாலத்தில் வருகிற இளைஞர்களை ஓர் அழகான பெண் அணுகி, ஒரு படத்தைக் காட்டி, அதை வைத்து ஒரு குட்டிக்கதை எழுதச் சொல்வாள். எழுதி முடித்ததும் 'ஆய்வைப் பற்றி மேலும் கேட்க வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்' என்று போன் நம்பர் கொடுப்பாள். கொஞ்சம் மேலே, இந்த ஆற்றில் வந்து சேர்கிற ஒரு சிற்றோடையின்மேல், தண்ணீருக்குப் பத்தடி உயரத்தில், ஆடாமல் நிற்கிற மரப்பாலம் ஒன்று இருந்தது. அங்கே வந்தவர்களிடமும் இதையே செய்தார்கள். ஆடாத பாலத்தில் நம்பரை வாங்கிய 16 பேரில் 2 பேர் கூப்பிட்டார்கள். தொங்குபாலத்தில் வாங்கிய 18 பேரில் 9 பேர். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை, அந்தப் பெண்ணால் அடித்துக்கொண்டது என்று இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். உளவியல் பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் இது வருகிறது. ஆள் கணக்கு சின்னது என்று குறை சொல்பவர்களும் உண்டு. எனக்கு வேறொரு சந்தேகம். அந்த ஆட்டத்தில் நின்றுகொண்டு கதை எழுதியிருக்கிறார்களே, அவர்கள் என்னதான் சாப்பிட்டார்கள்? எனக்கு அங்கே என் பெயரை எழுதச் சொல்லியிருந்தாலும் வந்திருக்காது. மனைவியிடம் இந்தச் சோதனையைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தேன். பாதி வழியில், 'இது காதலா, பயமா?' என்று கேட்டாள். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை என்பதே பதில்.

அக்கரை சேர்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு மரத்தின் அடி. டக்ளஸ் ஃபிர். பட்டை வெடித்துப் பாளம் பாளமாக, ஒவ்வொரு வெடிப்பிலும் என் விரல் முழுதாக உள்ளே போகும் ஆழம். பட்டையின் ஓரங்களில் பாசி, பாசியின் நுனியில் தூறல் துளி. அதன்மேல் கையை வைத்து நின்றேன். அசையவில்லை. அடிமரத்தைச் சுற்றி மண்ணெல்லாம் பெரணிச்செடி. ஓர் இலையின்மேல் வாழைப்பழ நிறத்தில் என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு நத்தை, ஓடு இல்லாமல். இந்தக் கடற்கரைக் காடுகளில் இது சகஜமாம். மகள் அதன் பக்கத்திலேயே குந்திவிட்டாள். அது இரண்டு அங்குலம் நகர்வதற்குள் எனக்கு மூச்சு சீராகிவிட்டது.

இந்தக் காட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலத்துக்குக் கூட்டம் சேர்கிற அளவுக்கு இதற்குச் சேர்வதில்லை. மழைக்காடு என்றதும் நமக்கு வெயிலும் புழுக்கமும் அட்டையும்தான் மனதில் வரும். இது குளிர்ந்த மழைக்காடு. பசிபிக் கடலிலிருந்து வருகிற ஈரமெல்லாம் மலையில் முட்டி இங்கேயே கொட்டிவிடுகிறது. ஃபிர், சீடர், ஹெம்லாக் என்று ஊசியிலை மரங்கள்தான் அதிகம். விழுந்து கிடக்கும் மரம்கூட வீணாவதில்லை. அது மட்கிப் பஞ்சாகும்போதே அதன் முதுகில் குட்டி ஹெம்லாக்குகள் வரிசையாக முளைத்துவிடுகின்றன. அம்மா அதைப் பார்த்துவிட்டு, 'செத்தும் பிள்ளை வளக்குது' என்றாள். அதன்பின் ஒரு குளத்தில் டிரௌட் மீன்களைப் பார்த்துவிட்டு, இவற்றை இங்கே குழம்பு வைப்பார்களா என்று மனைவியிடம் கேட்டாள். 'இல்ல மாமி, இது சும்மா பாக்கறதுக்கு' என்றதும் அம்மாவுக்குக் குளத்தின்மேல் இருந்த ஆர்வமே போய்விட்டது.

மேற்குக் கரையில் 2004-இல் இன்னொன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். மரத்துக்கு மரம் கட்டிய ஏழு சின்னத் தொங்குபாலங்கள். தரையிலிருந்து 30 மீட்டர் உயரம் வரை போகின்றன. ஒவ்வொரு மரத்தையும் சுற்றி ஒரு மேடை. மேடைகளை மரத்தில் ஆணியடித்தோ போல்ட் போட்டோ மாட்டவில்லை. மரத்தைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கி, அந்த இறுக்கத்திலேயே நிற்க வைத்திருக்கிறார்கள். மரம் பருத்தால் பட்டையைத் தளர்த்திக்கொள்ளலாம். இதெல்லாம் தெரிந்தும் ஏறமாட்டேன் என்றுதான் நின்றேன். 'அப்பா, இதுல மரம் பக்கத்துலயே இருக்கு' என்றாள் மகள். அவள் தாமஸ் பிராண்டின் ஆய்வைப் படித்தவள் இல்லை.

ஏறினேன். ஏறிய பிறகு எனக்கே நம்ப முடியவில்லை. இந்தப் பாலங்களும் ஆடத்தான் செய்தன. பெரிய பாலத்தைவிட வெடுக்கென்று ஆடின. ஆனால் பத்துப் பதினைந்து எட்டில் அடுத்த மரம் வந்துவிடுகிறது. கண்ணுக்கு நேரே கிளை, இலை, பட்டை, பட்டையில் ஏறும் எறும்பு. கண்ணுக்கு நிறைய வேலை இருந்தது. மூன்றாவது மேடையில் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கீழே பார்த்தேன். மாத்தூர் பாலத்தின் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கீழே பெரணிகளின் தலை தெரிந்தது. உள்ளங்கால் கூசியது, அவ்வளவுதான். இந்த வயதுவரை எந்த உயரத்திலிருந்தும் கீழே பார்த்து ரசித்தவன் இல்லை நான், அங்கே ரசித்தேன். ஏழு பாலத்தையும் முடித்து இறங்கியபோது, இன்னொரு சுற்றுப் போகலாமா என்று கேட்டது நான்தான். மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்புறம், திரும்பி வருவது. மரத்துக்கு மரம் போன பாலங்களில் கிடைத்த தைரியம் பெரிய பாலத்துக்குச் செல்லுபடியாகும் என்று நினைத்தால், ஆகாது. மறுபடியும் அதே நெளிவு, அதே ஆடும் கைப்பிடி. மதியம் ஆகிவிட்டதால் கூட்டம் இன்னும் அதிகம். செல்ஃபிக் குச்சியோடு நடுவில் நிற்கும் ஜோடிகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒரே வித்தியாசம், என்ன வரப்போகிறது என்று தெரியும். இந்த முறை என் கண்ணுக்கு முன்னால் மகளின் முதுகுப்பை. அதில் ஒரு பென்குயின் பொம்மை தொங்கியது. 140 மீட்டரும் பென்குயினைப் பார்த்தே வந்தேன்.

கிழக்குக் கரையில் இன்னொன்று பாக்கி இருந்தது. பாறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு போகும் நடைபாதை, 2011-இல் திறந்தது, 213 மீட்டர் நீளம். ஆள் ஒருவர்தான் போகலாம், அவ்வளவு ஒடுக்கம். சில இடங்களில் காலுக்குக் கீழே கண்ணாடி. ஓரிடத்தில் பாதை பாறையை விட்டு விலகி, அரைவட்டமாகப் பள்ளத்தாக்குக்கு மேலே நீட்டிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் கிரானைட் சுவர் இருக்கும்வரை சமாளித்திருப்பேன். அந்த அரைவட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பக்கத்தில் ஒன்றுமில்லை. 'நான் காபி குடிக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க' என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். எல்லாப் பயத்தையும் ஒரே நாளில், அதுவும் ஒரே டிக்கெட்டில் தீர்த்துவிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. காபி நன்றாகவே இருந்தது.

அம்மா திரும்பி வந்து, 'அங்க ஒண்ணுமே இல்ல மக்களே, சும்மா பாறைதான்' என்றாள். எனக்காகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். பாலத்தைக் கடந்தவர்களுக்கு இங்கே ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள்.  அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள், ஊரில் காட்டுவதற்கு.

என்னைப் போன்றவர்கள் போவதாக இருந்தால் வார நாளில், காலையில் கேட் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஆள் குறைந்தால் ஆட்டம் குறையும். அது ஒன்றே பாதி மருந்து. பையை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். போனை வெளியே எடுக்காதீர்கள். ஆற்றையும் பார்க்க வேண்டாம், அக்கரையையும் பார்க்க வேண்டாம். முன்னால் போகிற உங்கள் ஆளின் முதுகைப் பாருங்கள். முடிந்தால் கோடு போட்ட சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். முதலில் சின்னதாக ஒன்றைப் பழகிப் பார்க்க வேண்டுமானால், சற்றுத் தள்ளி லின் கேன்யனில் 1912-இல் திறந்த ஒரு தொங்குபாலம் இருக்கிறது. 50 மீட்டர் உயரம், நீளமும் குறைவு, கட்டணமே கிடையாது. உள்ளூர்க்காரர்கள் பலரும் காசு கொடுத்துப் போகிறவர்களைக் கேலி செய்துவிட்டு அங்கேதான் போகிறார்கள். நாங்களும் அடுத்த வாரம் அங்கே போகிறோம். அம்மா முடிவு செய்துவிட்டாள்.